தினமும் கூப்பிடுகிறவள்

"ம்... போட்டுக்கறேன்... மறக்க மாட்டேன்... சாயங்காலம் கூப்பிடறேன்."

வாசலில் நின்று கணவன் தணிந்த குரலில் பேசுவதை மனைவி ஜன்னல் வழியே கேட்டாள். ஒரு வாரமாக இதே கூத்து. மறுமுனையில் பெண் குரல்.

"என்னத்தைப் போட்டுக்கப் போறீங்க? அவ வாங்கிக் கொடுத்த சட்டையா?"

"தெரிஞ்சவங்க. சும்மா நோண்டாதே" என்று சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான்.

அவள் அவன் போனை எடுத்து, கடைசியாகப் பேசிய எண்ணையே அழைத்தாள்.

"என் புருஷன்கிட்ட தினமும் உங்களுக்கு என்ன பேச்சு?"

"டிராக்டர்ல ஏறினா சீட் பெல்ட் போட்டுக்கச் சொல்வேம்மா."

"அதைச் சொல்ல நீங்க யாரு?"

"உங்களுக்கு அந்தச் சின்ன டிராக்டரை வித்தவ. என் வீட்டுக்காரரும் அதுக்குப் பின்னால பள்ளம் தோண்டுற இரும்புக் கையை மாட்டியிருந்தார். மேடு ஏறும்போது, பின்பாரம் தாங்காம முன்சக்கரம் தூக்கி, வண்டி அவர் மேலேயே கவுந்துடுச்சு. தலைக்கு மேல காப்புக் கம்பி இருந்தும், பெல்ட் போடாததால வெளியே விழுந்து அடியில சிக்கிப் போயிட்டார். அந்தக் கையைப் பழைய இரும்புக்கு எடைக்குப் போட்டுட்டு வண்டியை மட்டும்தான் வித்தேன். உங்க வீட்டுக்காரர் வேற கை வாங்கி மாட்டினார்னு கேள்விப்பட்டதுலேருந்து மனசு கேக்கலை. சொன்னா நீங்க ஓட்ட விடமாட்டீங்கன்னு மறைச்சிருப்பார்."

மறுநாள் காலை போன் அடித்தது. கணவனுக்கு முன்னால் மனைவி ஓடிப்போய் எடுத்தாள்.

"அக்கா, இன்னைக்கு அவர் வண்டியில ஏறலை. கையைக் கழட்டப் போறார். கடைசி போல்ட் கழலுற வரைக்கும் நான் பக்கத்துலதான் நிப்பேன்."