பதினோரு நிமிஷம்

"நான் குடுத்த ஒரு படத்துக்காக லாபிஸ் ஸ்டேஷன்ல ரயிலே பதினோரு நிமிஷம் நின்னிருக்கு. தெரியுமா உங்களுக்கு?"

செல்லப்பாக்கியம் சொல்லி முடிக்கவில்லை, மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. சுவரில் இருந்த பல்லி பிடி நழுவிக் கீழே விழுந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான், குடியிருப்போர் சங்கத் தலைவர் தங்கராஜு.

"மிஸ்ஸி, கதை விடாதீங்க! இருபத்தாறு வருசம் ரயில் ஓட்டினவன் நான். லாபிஸ்ல ரெண்டே நிமிஷம். அதுக்கு மேல நின்னா மேலிடத்துக்கு எழுதிக் குடுக்கணும் லா!"

செல்லப்பாக்கியம் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர்; ஊருக்கு இன்னும் 'மிஸ்ஸி'தான். ஊசி போட்ட கை சும்மா இருக்குமா? பத்து வருடங்களுக்கு முன்னால் இந்த மண்டபத்தின் பின்னறையில் ஒரு பட நூலகம் தொடங்கினார். இருநூறு டிவிடி. அத்தனையும் பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் படங்கள். மறுமணம் செய்துகொண்டவள், லாரி ஓட்டியவள், கொடுமை தாங்காமல் வீட்டை விட்டுப் போனவள் என்று விதவிதமாக.

கங்கோங் கீரைக்கட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு அந்தப் படங்கள் போகாத வீடு லாபிஸில் இல்லை. நூலகத்துக்கு ஒரே ஒரு சட்டம். படத்தைத் திருப்பித் தரும்போது, பார்த்த பிறகு என்ன செய்தாய் என்று ஒரு சீட்டில் எழுதி பிஸ்கட் டின்னில் போட வேண்டும். பேர் எழுதக் கூடாது. யார் எழுதியது என்று மிஸ்ஸியும் கேட்க மாட்டார்.

இன்றைய கூட்டம் அந்த நூலகத்துக்குப் பூட்டுப் போட. பின்னறைக்குக் கேரம் பலகை வரப் போகிறதாம்.

"பத்து வருசமா இந்தப் படங்களால ஊருக்கு என்ன நன்மை?" தங்கராஜு மேசையைத் தட்டினார். "பொம்பளைங்க பெட்டி கட்டிக்கிட்டுக் கெளம்புனதுதான் மிச்சம்!"

"அதானே!" என்றார் முன்வரிசை அய்யாவு. "என் வீட்டுல இப்பெல்லாம் சோறு போடுறதுக்கு முன்னாடி கேள்வி கேக்குறா!"

"கேட்டா பதில் சொல்லுங்களேன், அய்யாவு. வாய் வலிக்குதுன்னா மாத்திரை தரேன்" என்ற செல்லப்பாக்கியம், பையிலிருந்து ஒரு பழைய சீட்டை எடுத்தார். எட்டு வருடங்களாக, படித்துப் படித்து எழுத்தே தேயுமளவுக்குப் படித்த சீட்டு அது. கூட்டத்தைப் பார்த்து உரக்க வாசித்தார்.

"'படம் பாத்தேன். நானும் பெட்டிய எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் எனக்காகப் பதினோரு நிமிஷம் நின்னுச்சு. அப்புறம் வீட்டுக்குத் திரும்பிட்டேன். இப்ப நல்லா இருக்கேன்.' இதுதான் நன்மை. போதுமா, தலைவரே?"

"யார் எழுதினது? பேரச் சொல்லுங்க."

"பேர் கிடையாது. எனக்கும் தெரியாது."

"அப்ப நீங்களே எழுதினது!" முன்வரிசை கை தட்டியது. தங்கராஜுவின் குரல் இன்னும் ஏறியது. "எழுதினவள இப்பவே இங்க கொண்டாந்து நிறுத்துங்க. நூலகம் இருக்கட்டும். முடியலன்னா சாவிய வைங்க!"

செல்லப்பாக்கியம் கூட்டத்தைப் பார்த்தார். நாற்பது பெண்கள். நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். 'அம்மா, யாராச்சும் எழுந்திரிங்க' என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் பத்து வருட வாக்கு என்னாவது? அவர் சாவியை மேசையில் வைத்தார். அந்தச் சின்னச் சாவி விழுந்த சத்தம் பக்கத்து ஊர் சிகாமட் வரைக்கும் கேட்டிருக்கும்.

"பூட்டலாம்ங்கறவங்க கை தூக்குங்க!" என்று தங்கராஜு தன் கையை முதலில் தூக்கினார். முன்வரிசைக் கைகள் மளமளவென்று எழுந்தன.

தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த தலைவரின் மனைவி செல்வராணி தட்டைக் கீழே வைத்தாள். நேராக வந்து செல்லப்பாக்கியத்தின் கையிலிருந்த சீட்டை வாங்கிக் கணவன் முன்னால் வைத்தாள்.

"யாரு எழுத்துன்னு தெரியுதாங்க?"

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. தங்கராஜுவின் கண் சீட்டை விட்டு நகரவில்லை.

"அன்னிக்கு உங்க டூட்டிய அந்த ரயிலுக்கு மாத்தினது எனக்குத் தெரியாமப் போச்சு" என்றாள் செல்வராணி. "தெரிஞ்சிருந்தா பஸ்ஸுல போயிருப்பேன். எஞ்சின விட்டு எறங்கி வந்து பெட்டியப் புடிச்சிக்கிட்டீங்க. இனிமே கை ஓங்க மாட்டேன்னு ரயில்ல இருந்த அத்தன பேரு முன்னால சொன்னீங்க. அதுக்கப்புறம் ஓங்கல, பொய் சொல்லக் கூடாது. அந்த ரயிலு நிக்கவே இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க."

தரையைப் பார்த்திருந்த நாற்பது தலைகளும் நிமிர்ந்தன.

தங்கராஜு கையை மெல்லக் கீழே இறக்கினார். சாவியைச் செல்லப்பாக்கியத்தின் பக்கம் தள்ளிவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"பதினொன்னு இல்ல மிஸ்ஸி... ஒம்போது நிமிஷம்தான்."