சிக்கு விழுகிற ரீல்

“இதாங்க தம்பி, ரீலு. எங்க வீட்டுக்காரர் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்தது. நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.”

கன்னியம்மாள் வயர்கூடையிலிருந்து எடுத்து நீட்டிய தூண்டில் ரீலைப் பலராமன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். வேங்கிக்கால் ஏரிக்கரையில் வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது.

பலராமன் கீழ்பென்னாத்தூரில் மின்வாரிய கிளார்க். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தூண்டிலோடு சாத்தனூர் அணைப் பக்கம் போய்விடுவான். “ஃபாரின் ரீல் ஒண்ணு விலைக்கு வருது, ஒரு விதவை அம்மா வெச்சிருக்காங்க” என்று எஸ்.டி.டி. பூத்காரர் சொன்னதைக் கேட்டு, முன்பின் தெரியாத இந்த அம்மாளைப் பார்க்க வந்திருந்தான்.

டப்பா மாதிரி உருண்டையான ரீல். கைப்பிடியைச் சுற்றினான், சத்தமில்லாமல் ஓடியது. பக்கத்திலிருந்த திருகை இறுக்கிவிட்டு, சுற்றியிருந்த நைலான் நரம்பை இழுத்துப் பார்த்தான். வெட்டி வெட்டி வராமல் சீராக வந்தது. மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தவன் முகம் மலர்ந்துபோயிற்று.

“எல்லாம் பித்தளைப் பல்சக்கரம்மா. உப்புத் தண்ணியே பட்டாலும் துரு ஏறாது. ஏரி விராலுக்கும் ஆச்சு, மரக்காணம் முகத்துவாரத்துல கொடுவா புடிக்கிறதுக்கும் ஆச்சு.”

“குறைன்னு எதுவும் இல்லியா?”

“ஒண்ணு இருக்கு. இந்த மாதிரி ரீலுக்கே உள்ள குணம். வீசும்போது கட்டைவிரலை, நரம்பு சுத்தியிருக்கிற உருளைமேல லேசா வெச்சுக்கிட்டே இருக்கணும். கொஞ்சம் அசந்தாலும் உருளை தாறுமாறா சுத்தி, நரம்பு மொத்தமும் சிக்கு விழுந்துடும்.”

“அப்படியா? எனக்கு இதெல்லாம் என்னா தெரியும். வீசிக் காட்டுங்களேன்.”

தன் கம்பில் ரீலைப் பூட்டி, முள் போடாமல் ஈயக்குண்டை மட்டும் கட்டி வீசினான். குண்டு ஏரி நடுவில் போய் விழுந்தது. இப்படி ஒரு வீச்சு அவனுக்கு இதுவரை வாய்த்ததில்லை. என்ன விலையானாலும் வாங்கிவிடுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துகொண்டான்.

சுற்றி எடுத்து இரண்டாவது தடவை ஓங்கினான்.

“தம்பி, காலண்ட பாம்பு!”

துள்ளிக் குதித்ததில் விரல் விலகிவிட்டது. உருளை வீரிட்டுச் சுற்றியது. குண்டு காலடித் தண்ணீரிலேயே விழ, ரீலுக்குள் நரம்பு தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி உப்பிக்கொண்டு நின்றது.

“எங்கம்மா பாம்பு?”

“அய்யோ, வேரு போலக்கீதே. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது தம்பி.”

பலராமன் ரீலையும் அவளையும் பார்த்தான். பிறகு புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“கத்தியால அறுத்துப் போட்டுடுங்களேன்,” என்றாள் அவள்.

“நல்ல நரம்பும்மா. பொறுமையா எடுத்தா வந்துடும்.”

ஒவ்வொரு வளையமாக நகத்தால் நெம்பி இழுத்தான். கன்னியம்மாள் எதிரில் உட்கார்ந்து, அவன் கையைப் பார்க்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னாலதான இப்படி ஆச்சு? கோவம் வரலியா?”

“நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க?”

அவள் பார்வையை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முக்கால்வாசிச் சிக்கு பிரிந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு முடிச்சுதான். “இருங்க, நானும் புடிக்கிறேன்” என்று அவள் கையை நீட்டி, ஒரு நரம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். பிரிந்திருந்ததெல்லாம் மறுபடியும் இறுகிக்கொண்டது.

பலராமனுக்கு முகம் சிவந்துவிட்டது. ரீலைப் புல்லில் வைத்துவிட்டு விருட்டென்று எழுந்தான்.

கன்னியம்மாள் சட்டென்று பின்னால் நகர்ந்து ஒரு கையை முகத்துக்கு நேராகத் தூக்கினாள். அவன் எதையும் கவனிக்காமல் இறங்கிப் போய், ஏரித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக் கழுவினான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தான்.

“போயிட்டீங்கன்னு நெனச்சேன்,” என்றாள் அவள்.

“வெயில் ஜாஸ்திம்மா. நீங்க அந்த நெழல்ல உக்காருங்க. இதை நான் எடுத்துடறேன்.”

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். கடைசி முடிச்சும் அவிழ்ந்து நரம்பு முழுதாகச் சுற்றிக்கொண்டபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ரீலைத் துண்டால் துடைத்து அவள் கையில் கொடுத்தான்.

“அருமையான ரீலும்மா. விலை சொல்லுங்க.”

“இது விக்கிறதுக்கு இல்ல தம்பி.”

“அப்புறம் எதுக்கும்மா என்னை வரவழைச்சீங்க?”

கன்னியம்மாள் ரீலைக் கூடைக்குள் வைத்தாள்.

“இதுல சிக்கு விழுற அன்னிக்கெல்லாம் எங்க வீட்டுக்காரர் வந்து என்னை அடிப்பாரு. அவர் சாகிற வரைக்கும் அடிச்சாரு,” என்றாள், பஸ் வருகிற நேரத்தைச் சொல்வது போல. “போன வாரம் உங்க அம்மா வந்து உங்க ஜாதகத்தைக் குடுத்தாங்க. பையனுக்கு மீன் புடிக்கிறதுன்னா உசுருன்னாங்க. எனக்கு இந்த ரீலுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. அதான் பூத்காரர்கிட்ட சொல்லி உங்களை வரவழைச்சேன்.”

கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க. எம் பொண்ணு பேரு மதிவதனி.”