தம்பிக்குக் கிடைக்காத குறியீடு

தெருவார் ‘அகராதி’ என்று அன்போடும் சற்று அச்சத்தோடும் அழைக்கும் நான், அகவை எழுபத்து மூன்று நிறைந்தவன், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் தம்பி தையற்காரன். பக்கவாதம் வந்தது; கைகால் தேறிவிட்டன, ஞாபகம் தேறவில்லை. அளவெடுத்துவிட்டு நோட்டைத் திறப்பதற்குள் அளவு பறந்துவிடும். சென்ற வாரம் ஒரே சட்டைக்கு மூன்று கைகள் வெட்டி வைத்திருந்தான். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

ஞாபகப் பயிற்சி தர ஆஸ்பத்திரி தயார். ஆனால், பக்கவாதத்துக்குப் பிந்தைய ஞாபகக் குறைபாட்டுக்கென்று உள்ள குறியீடு பில்லில் ஏறினால்தான் காப்பீட்டுக்காரர்கள் அனுமதிப்பார்களாம். இருமுறை பரிசோதனை நடந்தது. தம்பியைத் தனியே விடுவேனா? இருமுறையும் உடன் அமர்ந்திருந்தேன். இருமுறையும் பில் போடும் அம்மாள் காகிதத்தைத் திருப்பித் தள்ளினார்.

“குறை இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. குறியீடு போட முடியாது சார்.”

“சட்டைக்கு மூணு கை வெட்டுறவனுக்குக் குறை இல்லையா? உங்களுக்குக் கண்ணு இருக்கா?”

“கண்ணு இருக்கு. ரிப்போர்ட்லதான் குறை இல்லை.”

தம்பி சிரித்தான். “விடுங்கண்ணா. நாலு கையா வெட்டியிருந்தா ரெண்டு சட்டைன்னு சமாளிச்சிருப்பேன்.”

மூன்றாம் முறை சென்றோம். தம்பி உள்ளே போக, நானும் எழுந்தேன். பில் போடும் அம்மாள் கூப்பிட்டார்.

“சார், நீங்க இங்க வாங்க. இந்தப் படிவத்தை நிரப்பணும். அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது.”

எட்டுப் பக்கங்கள்! இரவுப் பணிக்குச் சம்மதமா என்றுகூடக் கேட்டிருந்தார்கள். தம்பிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ‘சம்மதம்’ என்று எழுதினேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தம்பி வந்தான். அம்மாள் ரிப்போர்ட்டைப் பார்த்தார், குறியீட்டைத் தட்டினார்.

“திங்கட்கிழமையிலிருந்து பயிற்சிக்கு வரட்டும்.”

நான் நீட்டிய படிவத்தை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

“என்னம்மா அநியாயம் இது!”

“அது இங்க வேலைக்குச் சேர்றவங்க எழுதுறது சார். உங்களை வெளிய உட்கார வைக்க வேற வழி தெரியலை. டெஸ்ட் எடுக்கிற பொண்ணு போகச் சொன்னாலும் போக மாட்டேங்கிறீங்களாம். தம்பி திணறினா வாயசைச்சே விடை சொல்லிடுறீங்களாம். முதல் ரெண்டு ரிப்போர்ட்டும் உங்களோடதுதான். உங்க ஞாபகசக்திக்கு ஒரு குறையும் இல்லை!”

இவ்விவகாரம் இனிதே முடிவுற்ற நாள், ஆகஸ்ட் மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை.