வெளியே நீட்டிய கை

ரப்பர் ஆலைக் கலனுக்குள் பியூட்டாடையீன் மூலக்கூறுகள் ரப்பராவதற்காகக் கைகோத்துச் சங்கிலியாகிக்கொண்டிருந்தன. சங்கிலியின் நுனியில் காவல் நின்ற லித்தியம் ஒவ்வொன்றையும் இறுக்கிப் பிடித்து, இரண்டு கையையும் வரிசைக்குள்ளேயே நீட்ட வைத்துத்தான் சேர்த்தது.

அடுத்து வந்த பியூட்டாடையீன், "ஒரு கை வெளியேதான் இருக்கும்," என்றது.

"அப்படின்னா இடமில்ல. வேலை முடிஞ்சதும் மிச்சம் மீதியோட உன்னையும் கழுவி ஊத்திடுவாங்க."

"ஊத்தட்டும்."

அது நகராமல் நின்றது. பின்னால் வந்தவையும் நின்றன.

அந்நேரம் மேலிருந்து ஈதர் என்ற திரவம் நாலைந்து சொட்டு விழுந்தது. நேரே லித்தியத்தைச் சூழ்ந்துகொண்டு, "ஏண்ணே, எந்நேரமும் இப்படியா முறுக்கிக்கிட்டு நிப்பீங்க?" என்று தோளில் கை போட்டது. அந்தச் சுகத்தில் லித்தியத்தின் பிடி தளர்ந்தது. பியூட்டாடையீன் ஒரு கையை வெளியே நீட்டியபடியே சங்கிலியில் சேர்ந்தது. பின்னால் வந்தவற்றில் பலவும் அப்படியே சேர்ந்தன.

"சங்கிலியையே கெடுத்துட்டியே. அந்தக் கை எதுக்கு உதவும்?" என்று லித்தியம் கத்தியது.

"உதவுமான்னு தெரியாது. உள்ளே மட்டும் வராது."

வேலை முடிந்தது. லித்தியத்தைக் கழுவி ஊற்றினார்கள். சங்கிலிகள் சேர்ந்த ரப்பர், பஸ் டயரானது.

ஒரு மழைநாளில் பஸ் சட்டென்று பிரேக் போட்டது. நனைந்த ரோட்டை விடாமல் பிடித்துக்கொண்டவை, வெளியே நீட்டியிருந்த அந்தக் கைகள்.