பிரிக்காத நாற்பது பெட்டி

கடப்பாரை கதவில் இறங்குவதற்கு முன்னால் வாட்ச்மேன் குறுக்கே விழுந்தார். அடி அவருடைய தோளில் இறங்கியது. பட்டப்பகல், ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்தில் ஈ காக்கை இல்லை.

எழுந்து பார்த்தால் எதிரே ஐந்து பேர். ஐந்து பேர் முகத்திலும் கண் மட்டும் தெரிகிற மாதிரி துண்டு.

"தள்ளிக்குங்கண்ணே. எங்களுக்கு உள்ள இருக்கறது வேணும்," என்றான் கடப்பாரைக்காரன்.

"என்னக் கொன்னு போட்டுட்டு எடுத்துக்கடா."

உள்ளே இருந்தவை நாற்பது லேப்டாப். பஸ் ஏறாத அந்த மலையூருக்குக் கோவேறு கழுதை முதுகில் வந்து சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் பெட்டிகூடப் பிரித்தபாடில்லை. பிள்ளைகள் தொட்டால் கெட்டுப்போகும், கெட்டுப்போனால் மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் சாவியை இடுப்பிலேயே முடிந்துவைத்திருந்தார். ஒன்று குறைந்தாலும் உன்னைத்தான் உள்ளே தள்ளுவேன் என்று வாட்ச்மேனிடம் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியும் விட்டார்.

வாட்ச்மேன் ஏற்கெனவே ஒரு கிடங்கில் காவல் இருந்து, அங்கே களவு போய், திருட்டுப் பட்டத்தோடு வேலையை விட்டவர். இன்னொரு தரம் அந்தப் பெயர் வந்தால் நாலு பேர் முகத்தில் விழிக்க முடியாது. அதற்கும் மேல், எட்டாவது படிக்கும் மகள் அட்டையில் வரைந்த கீபோர்டில் தினமும் விரலைத் தட்டிக்கொண்டு, "கம்ப்யூட்டர் சாரும் ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டுக்கிட்டேதான் இருக்காருப்பா, எப்பதான் தொறப்பாங்க?" என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் கண்ணால்கூடப் பார்க்காததை இந்தக் களவாணிகளுக்குத் தூக்கிக் கொடுப்பதா?

மூங்கில் தடியை எடுத்தார். முதல் வீச்சிலேயே ஒருவனுக்கு மண்டை பிளந்து, முகத்துத் துண்டு சிவப்பாக நனைந்தது. கடப்பாரைக்காரன் விட்ட குத்தில் விலா எலும்பு முறிந்த சத்தம் அவர் காதுக்கே கேட்டது.

"அண்ணே, சொன்னாக் கேளுங்க. உங்கமேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல."

"விலாவ ஒடச்சிட்டு அண்ணன் முறை வேறயா? அது பிள்ளைங்களோடதுடா. அதுல போய்க் கை வைக்கறீங்களே, உங்களுக்கெல்லாம் பிள்ளகுட்டி இல்லையா?"

வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத ஒல்லி ஆள் ஒருவன் இருந்தான். இதைக் கேட்டதும் அவன் அப்படியே நின்றுவிட்டான். வாட்ச்மேனுக்கு அது போதும். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அவனுடைய வலது கையில் தடியை இறக்கினார்.

மணிக்கட்டு சுள்ளி மாதிரி ஒடிந்தது. அவன் கத்தவில்லை, துண்டைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். இந்தக் கை இனி ஜென்மத்துக்கும் கம்ப்யூட்டரைத் தொடாது என்று வாட்ச்மேனுக்கு மகா திருப்தி.

அந்தத் திருப்தி அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை. மற்ற நாலு பேரும் சேர்ந்து அவரை மொத்து மொத்தென்று மொத்தினார்கள். ஒரு பல் கையோடு வந்தது. கையையும் காலையும் கட்டி வராந்தா தூணில் சாய்த்து வைத்துவிட்டு, கதவை நெம்பினார்கள். மூன்றாவது நெம்பலில் பூட்டு பெயர்ந்து விழுந்தது.

ஐந்து பேரும் செருப்பை வாசலில் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போனார்கள். இது எந்த ஊர்த் திருட்டு வழக்கமோ என்று வாட்ச்மேன் ரத்தத்தைத் துப்பினார்.

உள்ளே அட்டைப்பெட்டிகள் டர் டர்ரென்று கிழிபட்டன.

"பிரிக்காதீங்கடா. எம் பொழப்புல மண்ணப் போடாதீங்கடா," என்று வாய்விட்டு அழுதார். அடிபட்டபோது வராத அழுகை அது.

அவர்களில் ஒருவன் வெளியே வந்து, தொங்கிக்கொண்டிருந்த பள்ளிக்கூட மணியை விடாமல் அடித்தான். ஊரைக் கூட்டுகிறானே, இவனுக்கென்ன பைத்தியமா என்று வாட்ச்மேன் வாயைப் பிளந்தார்.

நாலா பக்கமிருந்தும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் திறந்த கதவைப் பார்த்தார்கள், பார்த்த மாத்திரத்தில் முண்டியடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். அவருடைய மகள் மட்டும் தூணைப் பார்த்து அலறிக்கொண்டு வந்து கட்டை அவிழ்த்தாள்.

"யாருப்பா? யாரு இப்படி அடிச்சது?"

"திருட்டுப் பயலுங்கம்மா. நீ அழாத. அதுல ஒருத்தன் கைய அப்பா ஒடிச்சுப் போட்டுட்டேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அறைக்குள்ளிருந்து, அதுவரை வாயே திறக்காத அந்த ஒல்லி ஆளின் குரல் வலியில் நடுங்கிக்கொண்டு வந்தது.

"சாருக்கு வலது கை ஒடிஞ்சு போச்சு கண்ணுங்களா, டைப் பண்ண யாராச்சும் ஒருத்தர் வாங்க."