வெங்காயம் கிலோ என்ன விலை, அண்ணா?

"மார்ச் 9. பெரியண்ணன் சொன்ன விலையைச் சின்னண்ணனிடம் உளறிவிட்டேன். என் தப்புதான்."

நாட்குறிப்பை மூடிவிட்டுத் தங்கை தலையில் கைவைத்துக்கொண்டாள். வடக்கிலும் கிழக்கிலும் மளிகை விலையை ஒப்பிட்டு அட்டவணை தராவிட்டால், மாலை வகுப்பில் தேர்வு எழுத விடமாட்டார்கள். வடக்கே பெரியண்ணன், கிழக்கே சின்னண்ணன். இருவருக்கும் போன் போட்டது வினையாகிவிட்டது. வெங்காயம் கிலோ நாற்பது என்று முதலில் பெரியண்ணன் சொன்னார்.

"நாப்பதா? சரியான ஏமாளி! நான் முப்பதுக்கு வாங்கினேன்" என்றார் சின்னண்ணன்.

"அவன் கெடக்கான். எனக்கு இருபத்தஞ்சு!" என்றார், அதைக் கேள்விப்பட்ட பெரியண்ணன்.

சாயங்காலத்துக்குள் பெரியண்ணனின் வெங்காயம் பத்துக்கு இறங்கிவிட்டது.

மறுநாள் காலை இருவரும் அலறியடித்துக்கொண்டு கூப்பிட்டார்கள்.

"ஐயையோ, அதை எழுதிடாதே! இங்க வெங்காயம் எழுபது!" என்றார் பெரியண்ணன்.

"இங்க எண்பது! குடும்பமே நடத்த முடியல, தாயே!" என்றார் சின்னண்ணன்.

தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டாள். 'எந்த ஊரில் விலை குறைவோ, அந்த மகனோடு வந்து தங்கிவிடுகிறேன்' என்று முந்தின இரவு அப்பாவின் போனிலிருந்து இருவருக்கும் செய்தி அனுப்பி, அவர் பார்க்கும் முன் அதில் அழித்தவள் அவள்தான். பெரியண்ணனின் பத்தையும் எழுபதையும் கூட்டி இரண்டால் வகுத்தாள். அதே நாற்பது! சின்னண்ணனுக்கும் அப்படியே வகுத்து அட்டவணையை முடித்தாள்.

பின்னால் அப்பா பெட்டியோடு நின்றார்.

"பெரிய மருமக செய்தி அனுப்பியிருக்காம்மா. 'விலை கெடக்கட்டும் மாமா, உடனே கெளம்பி வாங்க'ன்னு. நான் வாயே தொறக்கல, என்ன பாசம் பாரு!"

தங்கை நாட்குறிப்பைத் திறந்தாள்.

"மார்ச் 10. நாளை ஆறு மணிக்கு அப்பாவை ரயிலேற்ற வேண்டும். ஏழு மணிக்குப் பெரியண்ணனிடம் சொல்ல வேண்டும்."