சர்வே எண் 214/3-இல் குடியிருக்கும் சாமி

மாலையை ஊர்ப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

போட வேண்டிய கழுத்து எதுவென்றுதான் தெரியவில்லை. எதிரே இருப்பது கல்.

நல்ல கல்தான். நாற்பது வருஷமாக அதில் அரிவாள் தீட்டியிருக்கிறார். தீட்டித் தீட்டி விழுந்த பள்ளத்தைச் சுரங்கக் கம்பெனிக்காரர்கள் சாமியின் வாய் என்று நினைத்துவிட்டார்கள். உள்ளே சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தார்கள். முந்திரி போட்டது.

சுற்றிலும் புதுக் கம்பிவேலி. வாசலில் பலகை: நீதிமன்ற உத்தரவுப்படி பாதுகாக்கப்பட்ட வழிபாட்டு இடம்.

“சாமி இருக்கிற இடத்தையாவது காப்பாத்திட்டோம், ஐயா.”

வக்கீல் ரெஜினாவின் கண்ணில் நீர். நான்கு வருஷம் இந்த மலைக்காகப் பஸ்ஸிலேயே தூங்கி எழுந்தவள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஊர் கேட்டது முழு மலையை. சாமி எங்கே இருக்கிறது, அளந்து காட்டுங்கள் என்றது கோர்ட்டு.

வெளியாள் கண் பட்டால் எழுந்து போய்விடுகிற சாமி அது. கட்டிக்கொண்டு வந்த மருமகளுக்கே ஒரு பிள்ளை பிறந்த பிறகுதான் வழி காட்டுவார்கள். அதைப் போய்க் குடை பிடித்துக்கொண்டு வந்த சர்வேயருக்குக் காட்டுவதா?

ஊர் கூடிப் பேசியது. சாமி இருப்பது வடக்குச் சரிவில். அவர் தெற்கே கூட்டிப்போய், ரோட்டோரத்துக் கல்லைக் கை காட்டினார். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. சர்வேயரும் போட்டுக்கொண்டார். சாமி பேர் கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வீடு சிரிப்பு. சாமியை ஒளித்துவிட்டோம்!

போன மாதம் தீர்ப்பு வந்தது.

கல்லுக்கும், கல்லைச் சுற்றி இரண்டு ஏக்கருக்கும் பாதுகாப்பு. மிச்ச மலை கம்பெனிக்கு.

பாக்சைட் வடக்குச் சரிவில்தான் அதிகமாம். முதல் வெடிக்குக் கொடி நட்டிருப்பது சாமி இருக்கும் பாறைக்கு ஐம்பதடி மேலே. வெடி இன்றைக்கு. பூஜை முடிந்த கையோடு.

மரியாதை தெரிந்த கம்பெனி. பூஜை முடியட்டும் என்று காத்திருந்தது. எந்த தேசத்துக் கம்பெனி என்று மலையில் ஒருவருக்கும் நிச்சயமில்லை. வழக்கு நடக்கும்போதே மூன்று முறை பேரை மாற்றிக்கொண்டது. வெள்ளைக்கார மேனேஜர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெற்றியில் குங்குமத்தோடு நின்றார். பக்கத்தில் அவருக்கு வாயாக இருக்கும் ஆபீசர் சந்தானம்.

சந்தானம் வாட்சைப் பார்த்தான்.

“பெரியவரே, பூஜை எவ்வளவு நேரம்?”

“மூணு நாளு.”

சந்தானம் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

“எங்க வழக்கப்படி செய்யலாம், யாரும் தடுக்கக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியிருக்குதுங்க.”

சந்தானம் மேனேஜர் காதில் ஏதோ ஓதினான். திரும்பினான்.

“அரை மணி.”

“ரெண்டு நாளு.”

“ஐயோ, குழி போட்டு வெடிமருந்து கெட்டிச்சு வெச்சிருக்கு பெரியவரே. ஒரு மணி நேரம். அதுக்கு மேல என் வேலை போயிரும்.”

“பொழுது சாயற வரைக்கும். உங்க மூஞ்சிக்காக.”

சந்தையில் புளியும் கடுக்காயும் விற்றுப் பழகிய நாக்கு. நாலு மணி வரைக்கும் என்று பேரம் படிந்தது.

அப்போது மணி ஒன்றரை.

தங்கை குப்பாயியைப் பார்த்தார். சாமி பாட்டை வெளியாள் முன்னால் எடுக்கக் கூடாது. அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, சாமைக் காட்டில் களை எடுக்கும்போது பாடுகிற பாட்டை ஆரம்பித்தாள். கொழுந்தனைக் கிண்டல் பண்ணுகிற பாட்டு.

மேனேஜர் கண்ணை மூடிக் கை கூப்பினார்.

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோள்கள் குலுங்கின. சிரிப்பா, இல்லையா என்று அவர் பார்க்கவில்லை.

ரெஜினா அவர் பக்கத்தில் குனிந்தாள்.

“எதுக்கு ஐயா இப்படி இழுக்கறீங்க? என்கிட்டயாவது சொல்லுங்க.”

சொல்லலாம். கோர்ட்டில் கொடுத்த பிரமாணப் பத்திரம் பொய்யாகும். அதில் அவர் ரேகையும் இருக்கிறது, அவள் கையெழுத்தும் இருக்கிறது. அப்படியே சொன்னாலும் வெறும் வாயை எவன் நம்புவான்? காட்ட வேண்டும்.

காட்டினால் சாமி போய்விடும்.

காட்டாவிட்டால், நாலு மணிக்குப் பாறையே போய்விடும்.

இவளும் வெளியாள்தான். நான்கு வருஷமாக இவர்கள் அடுப்படியில் உட்கார்ந்து சாமைச் சோறு தின்ற வெளியாள்.

பாட்டில் கொழுந்தன் வரப்பில் வழுக்கி விழுந்தான்.

மாலையைக் கல்லின் மேல் வைத்தார். வைத்தது கோணலாக இருந்தது. சரி செய்யவில்லை.

“வாங்க வக்கீலம்மா.”

“எங்க பெரியவரே?” என்றான் சந்தானம்.

“தீர்த்தம் கொண்டாரணும். நீங்க நில்லுங்க, பாட்டு நடுவுல போகக் கூடாது.”

சந்தானம் நின்றான். மேனேஜர் கண்ணைத் திறக்கவில்லை.

வேலிக்கு வெளியே குவிந்து கிடந்ததில் தன் செருப்பைத் தேடி, ரெஜினா ஒரு காலை நுழைத்தாள்.

“வேண்டாம்மா” என்றார் அவர். “அது இங்கேயே கிடக்கட்டும்.”

சொல்லிவிட்டு வடக்கே நடந்தார்.